சாயம் போகுமா? எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டறைக்கு நேரில் வருகிறவர்களும் தொலைபேசியில் அழைக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலை நூறு முறை சொன்னால் நூறாவது ஆளுக்குக் கிடைக்கும் பதிலில் கொஞ்சம் எரிச்சலும் கலந்துவிடுகிறது. பாவம், அவர் முதல் முறையாகத்தான் கேட்கிறார். அதற்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

நீங்கள் யார்? பட்டறை எங்கே இருக்கிறது?

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீட்டில் வளர்ந்தவள். வணிகவியல் படித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பதினொரு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். இப்போது அழகர்கோவில் சாலையில், அப்பன்திருப்பதிக்குச் சற்று முன்னால், ஓடு வேய்ந்த ஒரு கொட்டகையில் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் தாவரச் சாயம் ஏற்றுகிறேன். என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஐந்து அடுப்பு, தரையில் புதைத்த மூன்று நீலச்சாயத் தொட்டி, எட்டுக் கொடிக்கயிறு. சொத்துக் கணக்கு அவ்வளவுதான்.

சாயம் போகுமா?

போகும்.

இப்படிச் சொன்னதும் பாதிப் பேர் சேலையை மடித்து வைத்துவிடுகிறார்கள். மீதிப் பாதிக்காகத் தொடர்கிறேன். உலகத்தில் போகாத சாயம் என்று ஒன்று இல்லை, ஆலைச் சாயம் உட்பட. எதனால் போகிறது, எவ்வளவு நாளில் போகிறது, போன பிறகு துணி பார்க்கும்படி இருக்கிறதா என்று கேட்டால் அது கேள்வி.

சாயத்துக்கு எதிரி இரண்டு: தண்ணீர், வெயில். தண்ணீருக்குத் தாங்கும் சாயம் வெயிலுக்குத் தாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மஞ்சிட்டி வேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் இரண்டுக்குமே நன்றாகத் தாங்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு தண்ணீரில் அசையாது. மஞ்சள் நிறங்கள்தான் பலவீனம். அதிலும் மாதுளம்தோலின் மஞ்சள் ஓரளவு தாங்கும். செண்டுமல்லியின் மஞ்சள் சீக்கிரம் இளைத்துவிடும்.

நான் பார்க்கும் சோதனை மிகவும் எளிது. சாயமேற்றிய துணியில் ஒரு சாண் நீளம் வெட்டி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பதினைந்து நாள் கிடத்திவிடுவேன். பிறகு அட்டையை எடுத்தால் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் இடையே கோடு தெரிகிறதா என்று பார்ப்பேன். கொட்டகைச் சுவரில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். வாங்க வருகிறவர்களை முதலில் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நிறுத்துகிறேன். வியாபாரத்துக்கு இது நல்லதில்லை என்று என் மாமியார் சொல்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.

பீட்ரூட், செம்பருத்தி, சங்குப்பூ, மஞ்சள்தூள் எல்லாம் வைத்துச் சாயம் போடலாமா?

பீட்ரூட் சாறு பாத்திரத்தில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும். துணியில் ஏறி, ஒரு முறை அலசினால், போன இடம் தெரியாது. செம்பருத்தியும் சங்குப்பூவும் அதே ரகம். அவை நல்ல சர்பத். சாயம் என்று நம்பிவிடக் கூடாது.

மஞ்சள்தூள் வேறு மாதிரி ஏமாற்றும். எந்தத் துணையும் இல்லாமல் துணியைப் பிடித்துக்கொள்ளும், நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெயில் பட்டால் ஒரு வாரத்தில் வெளுத்துவிடும். போதாததற்குச் சோப்புப் பட்ட இடமெல்லாம் சிவந்து போகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதே வேலைதான். துணியில் சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரம் பட்ட இடத்தில் ஆரத்தி எடுத்தது போல ஆகிவிடும்.

அப்படியானால் எந்த நிறத்தை எதிலிருந்து எடுக்கிறீர்கள்?

சிவப்புக்கு மஞ்சிட்டி. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் வேர்தான். மருந்துக்கு ஐம்பது கிராம் கேட்கிற இடத்தில் பத்துக் கிலோ கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். முதல் நாள் ஊறவைத்து மறுநாள் அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கவிடக் கூடாது, கை பொறுக்காத சூட்டுக்குச் சற்று மேலே, அறுபது எழுபது டிகிரியில் நிறுத்த வேண்டும். கொதித்துவிட்டால் வேரிலிருக்கும் பழுப்பும் இறங்கி, சிவப்பு செங்கல் நிறமாகிவிடும்.

நம் பக்கத்துப் பழைய சிவப்பு மஞ்சிட்டியில் வந்ததல்ல. அது சாயவேர், அதாவது இம்பூறல். கடற்கரை மணலில் வளரும் சின்னஞ்சிறு செடி. அதன் மெல்லிய நீண்ட வேரைத் தோண்டி எடுப்பார்கள். துணியை நல்லெண்ணெயிலும் சாம்பல் காரத்திலும் நாள் கணக்கில் மாற்றி மாற்றி ஊறவைத்து, அதன் பிறகு படிகாரம், அதன் பிறகு வேர் என்று அந்தச் சிவப்பை வரவழைத்தார்கள். சாயவேரிலும், மஞ்சிட்டிக்கு ஐரோப்பாவிலுள்ள உறவுச் செடியிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்னும் ஒரே பொருள். 1869இல் ஜெர்மானியர்கள் அதைத் தாரிலிருந்து ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதன் பிறகு மணலைத் தோண்ட யாருக்குப் பொறுமை இருக்கும்? நான் ஒரு தொட்டியில் மணல் நிரப்பி இம்பூறல் வளர்த்துப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டில் கிடைத்த வேர் இரண்டு கைக்குட்டைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

மஞ்சளுக்கு மாதுளம்தோல், ஆவாரம்பூ, செண்டுமல்லி, மஞ்சணத்திக் கட்டை. மாதுளம்தோலைப் பழச்சாறுக் கடைகளில் சொல்லிவைத்து வாங்குகிறேன். செண்டுமல்லி, ஆயுத பூஜைக்கு மறுநாள் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கூடை கூடையாகக் கேட்பாரற்றுக் கிடக்கும். ஓராண்டுக்கு வேண்டியதை அன்றைக்கே அள்ளி வந்து காயவைத்துவிடுவோம். ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக்கட்டும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாகமலை அடிவாரத்திலும் யானைமலைப் பக்கமும் மழை பெய்த பிறகு மஞ்சளாக மண்டிக் கிடக்கும். அதைப் பூவாக மட்டும் பறிக்கிறோம். பட்டையை உரித்தால் செடி செத்துவிடும்.

பழுப்புக்குக் கருவேலங்காயும் காசுக்கட்டியும். கறுப்புக்குக் கடுக்காயும் இரும்பும்: துருப்பிடித்த ஆணி, பழைய லாடம், உடைந்த அரிவாள் எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு, வெல்லத்தைக் கரைத்து ஊற்றி மூன்று வாரம் புளிக்கவிட்டால் ஒரு கறுப்புத் தண்ணீர் கிடைக்கும். கடுக்காயில் முக்கி எடுத்த வெளிர்மஞ்சள் துணியை அதில் அமிழ்த்தினால் கண்ணெதிரே கறுக்கும். எத்தனையோ முறை செய்தாகிவிட்டது. இன்றைக்கும் அந்த அரை நிமிடம் நான் வேறு எங்கும் பார்ப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் கடுக்காய் என்கிறீர்களே, அது எதற்கு?

பட்டும் கம்பளியும் சாயத்தை வா என்று இழுத்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. வேரை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பருத்தித் துணி சும்மா நனைந்துவிட்டு வெளியே வரும். நடுவில் ஓர் ஆள் வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பிடித்துக்கொள்ளும்; படிகாரம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும்; சாயம் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இதற்கு நிறமூன்றி என்று பெயர். பட்டறையில் 'கடுக்காய் கொடுத்தாச்சா?' என்று கேட்பதோடு சரி.

கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று வைத்தியத்தில் சொல்வார்கள். நாங்களும் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலைத்தான் இடிக்கிறோம். துவர்ப்பெல்லாம் தோலில்தான் இருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பருத்திச் சேலைக்கு நூறு கிராம் கடுக்காய்த்தூள், எழுபத்தைந்து கிராம் படிகாரம், மஞ்சிட்டி என்றால் நானூறு கிராம். இதெல்லாம் துணியில் கஞ்சி ஒரு துளியும் இல்லாமல் அலசி எடுத்த பிறகு. தொடக்கத்தில் எனக்கு இது தெரியாது. தறியிலிருந்து வந்த துணியை அப்படியே முக்கி, திட்டுத் திட்டாக வந்த நிறத்துக்கு வேரைக் குற்றம் சொல்லி, இரண்டு மாதம் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஒரு முறை, சோடா உப்பில் ஒரு முறை வேகவைக்காமல் எந்தத் துணியையும் தொடுவதில்லை.

நீலத்தொட்டி ஏன் இப்படி நாறுகிறது?

உயிரோடு இருப்பதால்.

அவுரி இலையிலிருந்து எடுத்த நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. எவ்வளவு அரைத்தாலும் மண் போல அடியில் தங்கும். அதைக் கரைய வைக்க வேண்டுமானால் காரத்தண்ணீரில் போட்டு அதிலுள்ள ஆக்சிஜனை யாராவது தின்றுதீர்க்க வேண்டும். அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்கின்றன. அவற்றுக்குச் சாப்பாடு தகரை விதை. வேகவைத்த தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்கவைப்பது தென்னாட்டுப் பழைய முறை. நான் கொஞ்சம் கருப்பட்டியும் கனிந்து உதிர்ந்த வாழைப்பழமும் சேர்க்கிறேன். நான்கைந்து நாளில் தண்ணீர் நீலத்தை விட்டுப் பச்சையும் மஞ்சளுமாக மாறும். மேலே செம்புத் தகடு போல ஓர் ஆடை படரும். நடுவில் நீல நுரை திரளும். அப்போது துணியை உள்ளே விட்டு வெளியே எடுத்தால் இளம் வாழைக்குருத்து நிறத்தில் வரும். காற்றுப் பட்டதும் பச்சை, பிறகு கிளிப்பச்சை, பிறகு நீலம். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். ஒரு முக்கில் வானத்து வெளுப்புதான் கிடைக்கும். கருநீலம் வேண்டுமென்றால் எட்டு முக்கு, பத்து முக்கு. ஒவ்வொரு முக்குக்கும் நடுவே காற்றாட விட வேண்டும்.

மதுரைச் சூடு இந்தத் தொட்டிக்கு ரொம்பப் பிடிக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில்தான் தூங்கிவிடும். அப்போது சாக்கைச் சுற்றி, மேலே வைக்கோலைப் போட்டு, வெந்நீரில் கரைத்த கருப்பட்டியைக் கொடுத்து எழுப்பிப் பார்ப்போம். சில நேரம் எழும்பும். மூன்றாம் தொட்டிக்கு ஆறு வயது ஆகிறது. வெளியூர் போனால் வீட்டாரிடம் தொலைபேசியில் நான் முதலில் விசாரிப்பது அதைத்தான் என்று வீட்டில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஒரு தகவல். 1897இல் ஜெர்மனியில் ஆலை நீலம் விற்பனைக்கு வந்த பிறகு அவுரி விவசாயம் சரிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் முற்றிலும் அழியவில்லை. திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிரிட்டு, தொட்டிகளில் இலையை ஊறவைத்து, கலக்கி, கட்டியாக்குகிறார்கள். எனக்கு அங்கிருந்துதான் வருகிறது.

பச்சைச் சேலைக்கு மட்டும் ஏன் விலை கூடுதல்?

உலகமே பச்சையாக இருக்கிறது, பச்சைச் சாயம் கிடையாது. இலையை அரைத்துத் துணியில் தேய்த்தால் நான்கு நாளில் வைக்கோல் நிறமாகிவிடும். ஆகவே பச்சை என்பது இரண்டு வேலை. முதலில் நீலத்தொட்டியில் வெளிர்நீலம். காய்ந்த பிறகு கடுக்காய், படிகாரம். அதன் மேல் மாதுளம்தோல் மஞ்சள். இரண்டு கூலி, இரண்டு மடங்கு தண்ணீர்.

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்று ஊரே பார்க்கும். பச்சை என்றால் அந்த ஆண்டு மண் செழிக்கும் என்று நம்பிக்கை. அன்றைக்குப் பச்சைப் பட்டு வந்துவிட்டால் அடுத்த இரண்டு மாதம் எனக்குப் பச்சைக்குத்தான் கேள்வி வரும். மண் செழிக்கிறதோ இல்லையோ, மாதுளம்தோல் தீர்ந்துவிடும்.

பச்சை வாங்குகிறவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெயிலில் முதலில் போவது மஞ்சள். பத்து ஆண்டு கழித்து அந்தச் சேலை மெல்ல மெல்ல நீலமாகத் திரும்பும். ஓர் அம்மா அப்படி மாறியதைக் கொண்டுவந்து காட்டி, ஒன்றின் விலைக்கு இரண்டு சேலை கிடைத்தது என்றார். எல்லோரும் அவ்வளவு பெருந்தன்மையாக இருப்பதில்லை.

உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஐந்தரைக்குத் தொட்டிகளைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். வாசனை மாறியிருந்தால் நாக்கில் ஒரு சொட்டு வைத்துக் காரம் பார்ப்பார்கள் பழைய ஆட்கள். நான் காகிதத் துண்டு வைத்துப் பார்க்கிறேன். வெயில் ஏறுவதற்குள் அலசல் எல்லாம் முடிய வேண்டும். பதினொரு மணிக்குமேல் அடுப்பு. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை கொட்டகைக்குள் யாராலும் நிற்க முடியாது. அப்போது மரத்தடியில் உட்கார்ந்து கடுக்காய் உடைப்போம், கணக்கு எழுதுவோம். ஆடி மாதம் என்றால் நாள் முழுவதும் காற்றோடு மல்லுக்கட்டு. ஈரத்துணியில் புழுதி அப்பினால் திரும்ப அலச வேண்டும். எந்நேரமும் நகக்கண்ணில் நீலம் இருக்கும். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் எதிர் இலைக்காரர் என் கையைப் பார்ப்பது தெரியும்.

தண்ணீரில் என்ன இருக்கிறது? எல்லாத் தண்ணீரும் ஒன்றுதானே?

இல்லை என்பதைப் பெரும் செலவு செய்து கற்றுக்கொண்டேன். ஓர் ஆண்டு கோடையில் எங்கள் கிணறு வற்றியபோது லாரியில் தண்ணீர் வாங்கினேன். நாற்பது மீட்டர் துணிக்குக் கடுக்காய் கொடுத்து, மறுநாள் மாதுளம்தோல் மஞ்சளுக்குத் தயாராக வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் துணி முழுவதும் ஈயம் பூசியது போல மங்கலான சாம்பல். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்த இரும்பு கடுக்காயோடு சேர்ந்து, நான் கேட்காமலே கறுப்பைத் தொடங்கி வைத்திருந்தது. ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்த நாற்பது மீட்டரை முழுக் கறுப்பாக்கி, பாவாடைத் துணியாக விற்றுத் தீர்த்தேன்.

அதிலிருந்து எந்தத் தண்ணீர் வந்தாலும் ஒரு தம்ளரில் எடுத்து ஒரு சிட்டிகை கடுக்காய்த்தூள் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பேன். கறுத்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஓட்டுக் கூரையிலிருந்து விழும் மழைநீரை ஐயாயிரம் லிட்டர் தொட்டியில் பிடித்து வைக்கிறோம். மஞ்சளும் சிவப்பும் அந்தத் தண்ணீரில்தான். அது தீர்ந்தால் அடுத்த மழை வரை கறுப்பும் நீலமும் மட்டும்.

மதுரைச் சாயத்தின் பளபளப்புக்கு வைகைத் தண்ணீர்தான் காரணம் என்று முதியவர்கள் சொல்வார்கள். ஆற்றில் ஓடும் தண்ணீரில் அலசி, மணலில் விரித்து உலர்த்திய காலம் அது. இன்று பாலத்தில் பஸ் போகும்போது கீழே எட்டிப் பார்க்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சுங்குடி என்றாலே இயற்கைச் சாயம்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இந்த வேலைக்கு வந்ததே சுங்குடியால்.

சுங்குடி என்பது முடிச்சு. துணியை நகநுனியால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி, இப்படி ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் அமிழ்த்துவார்கள். சாயம் புகாத இடம் வட்டமாக நிற்கும். காய்ந்த சேலையை இருபுறமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று அவிழும். சௌராஷ்டிரர்கள் மதுரைக்குக் கொண்டுவந்த கலை இது. குஜராத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து, நாயக்கர் காலத்தில் இங்கே நிலைத்தவர்கள். பட்டுநூல்காரர் என்று ஊரில் பெயர். எங்கள் சந்திலேயே ஆறேழு சௌராஷ்டிரக் குடும்பங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டே எங்கள் அம்மாவோடு ஊர்வம்பு பேசுவார். பேச்சு நிற்கும், விரல் நிற்காது. நான் பள்ளிவிட்டு வந்ததும் என் கையில் ஒரு கந்தல் துணியைக் கொடுத்து, 'போடுடி, புள்ளி சின்னதா இருக்கணும்' என்பார். நான் போட்ட புள்ளி ஒவ்வொன்றும் இட்லி அளவுக்கு இருந்தது.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று கடைகளில் சுங்குடி என்ற பெயரில் தொங்குவதில் பெரும்பகுதி முடிச்சே போடாதது. மெழுகு அச்சு வைத்ததும் திரை அச்சில் புள்ளி குத்தியதும் அதில் அதிகம். மலிவு, தினமும் கட்டலாம், கோடைக்கு இதம். அவற்றை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் கட்டுகிறேன். கையால் முடிந்ததா என்று பார்க்கத் துணியைத் தடவிப் பாருங்கள். முடிச்சு இருந்த இடம் சற்றே மேடிட்டு நிற்கும். எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவில் இருக்காது.

சாயத்துக்கு வருவோம். பழைய சுங்குடி தாவரச் சாயத்தில்தான் தோய்ந்தது. ஆலைச் சாயம் வந்த பிறகு பட்டறைகள் அதற்கு மாறின, இப்போது ஏறக்குறைய எல்லாமே அதுதான். நான் செய்வது, முடிச்சுப் போடத் தெரிந்த நான்கு பெண்களிடம் துணியைக் கொடுத்து வாங்கி, மஞ்சிட்டியிலும் நீலத்திலும் தோய்ப்பது. இதில் ஒரு சங்கடம் உண்டு. தாவரச் சாயத்துக்குத் துணி நீண்ட நேரம் ஊற வேண்டும், அதற்குள் முடிச்சு இளகிவிடும். நீலம் குளிர்ந்த தொட்டி என்பதால் தப்பிக்கும். மஞ்சிட்டிச் சூட்டில் மூன்றில் ஒரு பங்குப் புள்ளி மங்கிவிடுகிறது. பாட்டி இருந்திருந்தால் வழி கேட்டிருக்கலாம். நான் கணக்கு எழுதப் போன ஆண்டுகளில் அவர் போய்விட்டார்.

இதற்காகப் பயணம் போவதுண்டா?

கையில் காசு சேர்ந்தால் உண்டு. ரயில் தூங்கும் வசதி, கையில் எலுமிச்சைச் சாதம்.

கட்ச் போக மதுரையிலிருந்து மூன்று ரயில் மாறினேன். புஜ் நகருக்கு அருகே அஜ்ரக்பூர் என்று ஓர் ஊர். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு தமட்கா என்ற பழைய ஊரில் தண்ணீரின் தன்மை மாறி இரும்பு கூடிவிட்டதால், அஜ்ரக் என்னும் துணி அச்சு வேலை செய்கிறவர்களில் பலர் நல்ல தண்ணீரைத் தேடி வந்து புதிதாக உண்டாக்கிய ஊர் அது. இதைக் கேட்டபோது என் நாற்பது மீட்டர் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. துணியை ஆமணக்கெண்ணெய், சோடா உப்பு, ஒட்டகச் சாணம் கலந்த கரைசலில் மிதித்து ஊறவைக்கிறார்கள். அடுத்த தொட்டியை எட்டிப் பார்த்தால் கடுக்காய்! அதன் பக்கத்தில் வெல்லத்தில் புளிக்கும் துருப்பிடித்த இரும்பு. மொழி தெரியாமல், கைச்சாடையிலேயே ஒரு முழுப் பிற்பகல் பேசினோம். பந்தனி முடிச்சுப் போடும் பெண்ணின் திண்ணையில் உட்கார்ந்தபோது எங்கள் சந்து அப்படியே எழுந்து வந்தது போல இருந்தது. அந்தப் பெண் சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார்.

பத்தமடைக்குப் பாயைப் பார்க்கப் போனேன். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, பட்டுப் போல நெய்கிறார்கள். கோரைக்கும் பழைய நாளில் பதிமுகக் கட்டையில் சாயம் போட்டிருக்கிறார்கள். இப்போது கடைச் சாயம். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கருப்பூர்க் கலம்காரி என்னும் துணி ஓவியம் வரைகிறவர்களைப் பார்த்தேன். கோயிலில் உருளையாகத் தொங்கும் தொம்பை, தேர்ச்சீலை, குடை இவைதான் அவர்கள் உலகம். 2021இல் அதற்கும் புவிசார் குறியீடு வந்திருக்கிறது. அங்கே ஒருவர் சொன்னது: துணியைக் கடுக்காயோடு பாலிலும் நனைக்காவிட்டால் மை பரவிவிடும். எருமைப்பால்தான் வேண்டுமாம், கொழுப்பு அதிகம். ஊர் திரும்பியதும் செய்து பார்த்தேன். சரியாக இருந்தது. கொட்டகைக்குள் பூனைத் தொல்லை ஒரு மாதம்.

எங்கும் போக முடியாத மாதங்களில் கீழடி போதும். பஸ்ஸில் அரை மணி நேரம். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் நூல் நூற்ற தக்களிகள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. நெல்லிக்காய் அளவு சுடுமண் உருண்டை, நடுவில் துளை. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் நிற்கும் நேரத்தில் காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இயற்கைச் சாயம் என்றால் சுற்றுச்சூழலுக்குக் கேடே இல்லை, அப்படித்தானே?

அப்படி எழுதிக் கொடுத்தால் வியாபாரம் நன்றாக நடக்கும். ஆனால் என் அடுப்பு விறகில் எரிகிறது. ஒரு சேலைக்கு எனக்கு அறுபது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் செலவாகிறது. நிறம் அழுத்தமாக வர வேண்டும் என்று மயில்துத்தம் என்னும் செம்பு உப்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மீனுக்கு விஷம். குரோமிய உப்பைப் போட்டுவிட்டு இயற்கைச் சாயம் என்று சீட்டு ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். மஞ்சள் அதனால் நிற்கும், மனிதர் நிற்க மாட்டார். என்னிடம் படிகாரமும் இரும்பும் மட்டும்தான். கழிவுத் தண்ணீரைச் சாம்பல் கலந்து தணித்து வாழைக்கு விடுகிறேன். வாழை நன்றாக இருக்கிறது.

திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை ஏன் மூடச் சொன்னது என்பதெல்லாம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவு துணிக்கும் தாவரச் சாயம் போட வேண்டும் என்று யாராவது கிளம்பினால் மலையில் மஞ்சிட்டியும் காட்டில் கடுக்காயும் மிஞ்சாது. ஆளுக்குப் பத்துச் சேலை குறைவாக வாங்கினால் இரண்டு பிரச்சினையும் பாதியாகும். இதைச் சொல்லிக்கொண்டு நான் சேலை விற்கிறேன் என்பது எனக்கும் தெரிகிறது.

வீட்டில் எளிதாகச் செய்து பார்க்க ஏதாவது?

நூறு கிராம் வெள்ளைப் பருத்தித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வேட்டி உத்தமம். எத்தனையோ சலவையில் கஞ்சியெல்லாம் போயிருக்கும். புதுத்துணி வேண்டுமானால் மேலமாசி வீதிக் கதர்க் கடையில் வாங்கலாம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறியது அந்தக் கட்டடத்தின் மாடியில்தான். எனக்கு அங்கே கதர் வாங்குவதில் ஒரு சின்னப் பெருமிதம்.

இருபது கிராம் கடுக்காய்த்தூளை இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, துணியை இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிழிந்து காயவைத்து, அலசாமல், பதினைந்து கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் இன்னும் ஓர் இரவு. நூறு கிராம் காய்ந்த மாதுளம்தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, அந்த நீரில் துணியை மிதமான சூட்டில் முக்கால் மணி நேரம் புரட்டிப் புரட்டிப் போடுங்கள். அதிலேயே ஆறவிட்டு எடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் போதும். சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள். வீட்டில் என்னைத் திட்டுவார்கள். நிறம் திட்டுத் திட்டாக வந்தால் போதுமான அளவு புரட்டவில்லை என்று பொருள்.

எப்படித் துவைப்பது?

முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில். நீலம் முதலில் கொஞ்சம் கையில் ஒட்டும், பயப்பட வேண்டாம். பூந்திக்கொட்டை நல்லது, இல்லாவிட்டால் காரமில்லாத சோப்பு. நிழலில் உலர்த்துங்கள். கறுப்புச் சேலை கட்டிக்கொண்டு புளிக்குழம்பு பரிமாறாதீர்கள்: புளிப்புப் பட்ட இடத்தில் இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும். எலுமிச்சையும் அப்படியே.

கற்றுத் தருவீர்களா? எப்போது வரலாம்?

தருகிறேன். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, ஆறு பேர் வரை. கட்டணத்தில் மதியச் சாப்பாடு சேர்ந்தது. வெள்ளைச் சட்டையில் வராதீர்கள். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வெள்ளி மோதிரம் ஒன்று மூன்று ஆண்டாக இரண்டாம் தொட்டியின் அடியில் கிடக்கிறது, தொட்டியைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. சித்திரைத் திருவிழா நாட்களில் வர வேண்டாம். அழகர் மலையிலிருந்து இறங்கும் சாலை இதுதான்; பஸ் வராது, நானும் பட்டறையில் இருக்க மாட்டேன், வழியில் பானகம் ஊற்றிக்கொண்டிருப்பேன்.